அமெரிக்காவில் சில ஊர்களில் மட்டும் கரண்ட் பில் ஏன் குறைவு?

கலிபோர்னியாவில் சான்டா கிளாராவும் சன்னிவேலும் ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பகுதி. 2025 நிலவரப்படி சான்டா கிளாராவில் வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 20 சென்ட்டுக்கும் கீழே. எல்லையைத் தாண்டி சன்னிவேலுக்குள் போனால் 40 சென்ட்டை ஒட்டி. மாதம் 500 யூனிட் ஓடும் வீடு என்றால் ஒருவருக்கு 90 டாலர் வாக்கில், இன்னொருவருக்கு 200 டாலர் வாக்கில் பில் வரும். வெயில் ஒன்றுதான், மாநிலச் சட்டம் ஒன்றுதான். தெருவில் நிற்கும் கம்பமும் கம்பியும் யாருடையவை என்பதில்தான் வித்தியாசம்.

தமிழ்நாட்டில் வீட்டுக்கு கரண்ட் மலிவு என்றால் அரசு மானியம் தருகிறது என்று பொருள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதற்கான பணத்தை அரசு மின்வாரியத்துக்குக் கட்டுகிறது. சான்டா கிளாராவில் அப்படி யாரும் கட்டுவதில்லை. அங்கே அடக்கவிலையே குறைவு.

அமெரிக்காவில் வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பவர்கள் மூன்று வகை. பங்குச்சந்தையில் இருக்கும் தனியார் நிறுவனங்கள். நகராட்சி அல்லது மாவட்டம் சொந்தமாக நடத்தும் மின் துறைகள். நுகர்வோரே உறுப்பினராக உள்ள கூட்டுறவுகள். பெரும்பான்மை வீடுகள் தனியார் கையில் இருக்கின்றன. நகராட்சி, மாவட்ட மின் துறைகள் சுமார் 2,000 இருந்தாலும் பல மிகச் சிறியவை. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்குத்தான் அவற்றின் இணைப்பு. கூட்டுறவுகள் பெரும்பாலும் கிராமப்புறத்தில். நெப்ராஸ்கா மாநிலத்தில் மட்டும் தனியார் விநியோகமே கிடையாது. எந்த முகவரிக்கு யார் கம்பி என்பது முன்பே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. வீடு மாறலாம், கம்பிக்காரரை மாற்ற முடியாது.

விலை எங்கே குறைகிறது

முதலில் லாபம். தனியார் நிறுவனம் போடும் முதலீட்டில் பங்குதாரர்களின் பங்குக்குச் சுமார் 10 சதவீதம் வரை வருவாய் எடுக்க மாநில ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கிறது. அந்த லாபத்துக்கு வருமான வரி உண்டு, அதுவும் பில்லில்தான் ஏறும். நகராட்சி மின் துறைக்குப் பங்குதாரர் இல்லை, கூட்டரசு வருமான வரியும் இல்லை. அது வெளியிடும் கடன் பத்திரத்தின் வட்டிக்கு முதலீட்டாளர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்பதால் குறைந்த வட்டிக்கே கடன் கிடைக்கும். துணைமின் நிலையம், மின்மாற்றி, கேபிள் எல்லாம் முப்பது நாற்பது வருடக் கணக்கில் கடன் அடைபடும் சாமான்கள். வட்டியில் ஒன்றிரண்டு சதவீதம் குறைந்தாலே யூனிட் விலையில் தெரியும்.

லாபமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சான்டா கிளாரா மின் துறை தன் வருமானத்தில் 5 சதவீதத்தை நகரின் பொது நிதிக்குக் கொடுக்கிறது. டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரின் சிபிஎஸ் எனர்ஜி 14 சதவீதம் வரை கொடுக்கிறது. மின்சாரத்தில் வரும் பணம் அந்த ஊர்ப் பூங்காவுக்கும் தீயணைப்புக்கும் போகிறது.

இரண்டாவது, அந்தக் கம்பியில் யார் யார் தொங்குகிறார்கள் என்பது. சான்டா கிளாரா விற்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் டேட்டா சென்டர்களுக்குப் போகிறது. வீடு காலையிலும் மாலையிலும் இழுக்கும், நடுவில் தூங்கும். டேட்டா சென்டர் இரவு பகல் ஒரே அளவில் இழுக்கும். கம்பிக்கும் மின்மாற்றிக்கும் போட்ட செலவு மாறாதது. அதில் ஓடும் யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் தலையில் விழும் செலவு இறங்கும். மேலும் நகரமே 20 சதுர மைலுக்குள் அடங்கிவிடுகிறது. காடு, மலை கிடையாது. பக்கத்து ஊர்களுக்குக் கம்பி வைத்திருக்கும் பிஜி அண்ட் இ என்ற தனியார் நிறுவனத்தின் எல்லையோ சுமார் 70,000 சதுர மைல். 2018-இல் பாரடைஸ் ஊரை எரித்த தீ அந்த நிறுவனத்தின் கம்பியில் கிளம்பியது. 84 பேர் சாவுக்கு அது 2020-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு மரம் வெட்டுவதற்கும், காப்பிட்ட கம்பி போடுவதற்கும், கம்பியை மண்ணுக்குள் புதைப்பதற்கும் ஆகும் செலவு சன்னிவேல் சமவெளியில் இருப்பவர் பில்லிலும் ஏறுகிறது.

மூன்றாவது, அணை. 1937-இல் வந்த பான்வில் சட்டம் கொலம்பியா ஆற்றில் கூட்டரசு கட்டும் அணைகளின் மின்சாரத்தைப் பொது அமைப்புகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் முன்னுரிமை கொடுத்து, அடக்க விலைக்கு விற்கச் சொன்னது. எஞ்சியது மற்றவர்களுக்கு. அந்த விதி இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆற்றின் வடகரையில் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர் ஊர். அங்கே மாவட்ட மின் துறை, வீட்டு விலை 10 சென்ட்டை ஒட்டியே நிற்கும். தென்கரையில் போர்ட்லாந்து, தனியார் நிறுவனங்கள், ஏறத்தாழ இரு மடங்கு. இத்தனைக்கும் அணை மின்சாரத்தை விற்கும் கூட்டரசு அலுவலகத்தின் தலைமையகம் போர்ட்லாந்தில்தான் இருக்கிறது! 1980-இல் வந்த இன்னொரு சட்டம் தனியார் நிறுவன வீடுகளுக்கும் அந்தப் பலனில் கொஞ்சம் தள்ளுபடியாகப் போகும்படி செய்தது. ஆனால் இடைவெளி மூடவில்லை.

அணையையே சொந்தமாக வைத்திருக்கும் மாவட்டங்களுக்கு இன்னும் யோகம். வாஷிங்டனின் செலான் மாவட்ட மின் துறைக்கு ராக்கி ரீச், ராக் ஐலண்ட் என்று இரண்டு பெரிய அணைகள். மிஞ்சிய மின்சாரத்தை வெளியே சந்தை விலைக்கு விற்று, உள்ளூர் வீடுகளுக்கு 3 சென்ட் அளவில் கொடுக்கிறார்கள். இந்த விலையைக் கேள்விப்பட்டு பிட்காயின் எந்திரக்காரர்கள் குவிந்ததால் 2018-இல் புது விண்ணப்பங்களைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது.

பொதுத்துறை என்றாலே மலிவு என்று எண்ண வேண்டாம்

நியூயார்க் லாங் ஐலண்டில் மின் அமைப்பு 1998 முதல் பொதுத்துறை. விலை நாட்டிலேயே உயர்ந்த வரிசையில் இருக்கிறது. ஒரு முக்கியக் காரணம், வணிக உற்பத்தியைத் தொடங்காமலே மூடப்பட்ட ஷோரம் அணுமின் நிலையத்தின் கடன். தனியாரிடமிருந்து வாங்கும்போது அந்தச் சுமையும் கூடவே வந்தது. வாஷிங்டன் மாநிலப் பொது மின் துறைகள் கூட்டாகத் தொடங்கிய அணுமின் திட்டங்களில் இரண்டு பாதியில் நின்று, 1983-இல் 225 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கான பணம் திரும்ப வரவில்லை. தவறான முதலீட்டுக்குப் பங்குதாரர் இல்லாத இடத்தில் நுகர்வோரோ கடன் கொடுத்தவரோதான் ஈடு.

தனியாரிடமிருந்து நகரம் வாங்கிக்கொள்வதும் லேசான வேலை அல்ல. சாக்ரமென்டோ மக்கள் 1923-இல் வாக்களித்தார்கள். வழக்குகள் முடிந்து சொந்தக் கம்பியில் மின்சாரம் ஓடியது 1946-இன் கடைசி நாளில். கொலராடோவின் போல்டர் நகரம் பத்து வருடம் போராடி 2020-இல் விட்டுவிட்டது. சான் பிரான்சிஸ்கோவின் கதை இன்னும் விசித்திரம். 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கின் நீர்மின்சாரம் நகரத்துக்குச் சொந்தம். அதில் மாநகராட்சிக் கட்டடமும் விமான நிலையமும் ஓடுகின்றன. வீடுகளுக்குப் போகும் கம்பி தனியாரிடம் இருப்பதால் அந்த மலிவு வீட்டுக்கு வந்து சேரவில்லை. 2019-இல் 250 கோடி டாலருக்குக் கம்பிகளைக் கேட்டார்கள், நிறுவனம் மறுத்துவிட்டது.

வீடு பார்க்கும்போது

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் முழு முகவரியைச் சொல்லி, "மின்சார பில் எந்த நிறுவனத்திடமிருந்து வரும்?" என்று கேளுங்கள். அஞ்சல் குறியீட்டை மட்டும் வைத்துத் தேடினால் தவறும், ஒரே குறியீட்டில் இரண்டு நிறுவனம் இருக்கலாம். சான்டா கிளாரா என்பது ஒரு நகரத்தின் பெயர், ஒரு மாவட்டத்தின் பெயரும்கூட. மலிவு விலை நகர எல்லைக்குள் மட்டுமே. மாவட்டத்தின் மற்ற ஊர்களில் பாலோ ஆல்டோவுக்கு மட்டும் சொந்த மின் துறை உண்டு. எரிவாயு தனிக் கதை: சான்டா கிளாராவிலும் சாக்ரமென்டோவிலும் மின்சாரம் பொதுத்துறை என்றாலும் எரிவாயு பிஜி அண்ட் இ-யிடமிருந்தே வரும்.

சன்னிவேல், சான் ஹோசே போன்ற ஊர்களில் பில்லில் இரண்டு பெயர் இருக்கும். பலர் இரட்டைக் கட்டணம் என்று பதறுகிறார்கள். உற்பத்திக் கட்டணத்தை ஊர் அமைத்த கொள்முதல் அமைப்பு வாங்குகிறது, கம்பிக்கான கட்டணம் பழைய நிறுவனத்துக்கே. ஊர் அமைப்பு உற்பத்தியில் கொஞ்சம் தள்ளுபடி தந்தாலும், பழைய ஒப்பந்தங்களின் நஷ்டத்துக்கென்று ஒரு விலகல் கட்டணம் சேரும். எனவே மொத்த பில் பெரிதாக இறங்காது. இதை நகராட்சி மின்சாரம் என்று சொல்லி வாடகை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

ஊருக்கு ஊர் ஒப்பிடும்போது யூனிட் விலையை மட்டும் பார்க்காமல் மாத நிலைக்கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கலிபோர்னியாவின் பெரிய தனியார் நிறுவனங்களுக்கு மாதம் 24.15 டாலர் நிலைக்கட்டணத்தை ஆணையம் 2024-இல் அனுமதித்தது. அதற்கு ஈடாக யூனிட் விலை சற்றுக் குறையும். நேரமும் முக்கியம். சாக்ரமென்டோவில் வார நாட்களில் மாலை 5 முதல் 8 வரை உச்ச விலை. பிஜி அண்ட் இ-யின் பொதுவான திட்டத்தில் 4 முதல் 9 வரை, ஞாயிறு உட்பட. கிரைண்டர், துணி உலர்த்தி, கார் சார்ஜ் ஆகியவற்றை இந்த நேரத்துக்கு வெளியே தள்ளினாலே வித்தியாசம் தெரியும்.

டெக்சாஸில் ஆஸ்டினும் சான் அன்டோனியோவும் நகர மின் துறை, வேறு தெரிவு கிடையாது. ஹூஸ்டன், டாலஸில் விற்பனையாளரை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். விளம்பரத்தில் வரும் விலை பெரும்பாலும் 1,000 யூனிட்டுக்கானது. அந்த அளவைத் தொட்டால் மட்டும் கழிவு தரும் திட்டங்கள் உண்டு. 990 யூனிட்டில் நின்றால் கழிவு போய்விடும். 500, 1,000, 2,000 யூனிட்டுக்கு விலை என்ன என்று அச்சிட்ட விவரத்தாள் ஒவ்வொரு திட்டத்துக்கும் கட்டாயம். உங்கள் வீட்டில் ஓடும் யூனிட்டுக்கு ஏற்ற விலையைப் பாருங்கள்.

தனியார் கம்பியில் மாட்டிக்கொண்ட குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கலிபோர்னியாவில் கேர் என்ற தள்ளுபடி உண்டு: மின்சாரத்தில் 30 முதல் 35 சதவீதம், எரிவாயுவில் 20 சதவீதம். வருமானம் கூட்டரசு வறுமைக்கோட்டின் இரு மடங்குக்குள் இருக்க வேண்டும். சற்று மேலே, இரண்டரை மடங்கு வரை இருப்பவர்களுக்கு ஃபெரா, 18 சதவீதம். வீட்டில் சுவாசக் கருவி, டயாலிசிஸ் போன்றவை ஓடினால் வருமானம் பார்க்காமல் மாதம் சுமார் 500 யூனிட் கூடுதலாகக் குறைந்த விலையில் கிடைக்கும். மருத்துவர் கையொப்பமிட்ட படிவம் வேண்டும். ஊர்க் கொள்முதல் அமைப்பின் மின்சாரம் வாங்குபவர்களுக்கும் இவை பொருந்தும். நகராட்சி மின் துறை உள்ள ஊரில் மின்சாரத்துக்கு இவை கிடையாது, அந்தந்தத் துறையின் தனித் தள்ளுபடிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கேர் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிப்புக் கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டால் அடுத்த பில்லில் முழு விலை வந்து நிற்கும்.