அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி: பைத்தான் எழுதுற தம்பி தங்கச்சிங்க கவனிக்க வேண்டியது

கேஎல்ல (கோலாலம்பூர்ல) பைத்தான் கோட் ரிவியூ பண்றதுதான் என் வேலைல பாதி. புதுசா சேர்றவங்ககிட்ட அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரின்னா என்னன்னு கேட்டா, "ஆப்ஜெக்ட் உருவாக்கித் தர்ற கிளாஸ்"னு சட்டுனு சொல்லிடுறாங்க. அது பத்தாது. ஒண்ணோட ஒண்ணு பொருந்துற ஆப்ஜெக்ட்டுங்க எப்பவும் ஒரே செட்டா வரணும், வேற செட்டோட கலக்கவே கூடாது, அதுக்காகத்தான் இந்த பேட்டர்ன், அதாவது கோட அமைக்கிற ஒரு பழகுன முறை.

கேஎல்லயும் சிங்கப்பூர்லயும் கிளை இருக்கிற ஒரு ரெஸ்டாரண்ட்டுக்கு பில் சாஃப்ட்வேர் எழுதுறோம்னு வச்சுக்குங்க. இங்க மலேசியால சாப்பாட்டுக்கு சேவை வரி 6% (2024 மார்ச்ல நெறைய சேவைக்கு 8% ஆக்குனாங்க, சாப்பாட்டுக்கு மட்டும் ஏத்தல), கையில காசா கொடுத்தா மொத்தத்த 5 சென்னுக்கு ரவுண்ட் பண்ணணும், க்யூஆர்ல கட்டுனா டுயிட்நவ்ங்கிற பேமெண்ட் முறை. அங்க சிங்கப்பூர்ல ஜிஎஸ்டி 9%, க்யூஆர்னா பேநவ். இப்போ வரி போடுற எடத்துல ஒரு இஃப், க்யூஆர் எடத்துல ஒரு இஃப், ரவுண்டிங்ல இன்னொரு இஃப்னு எழுதி வச்சா, ஏதோ ஒரு எடத்துல நாட்டை மாத்தி செக் பண்ணிட்டாலும் ரிங்கிட் பில்லுல 9% ஏறி உட்கார்ந்துக்கும். எரரும் வராது, லாக்லயும் இருக்காது, பில்லும் ஒழுங்கா பிரிண்ட் ஆகும், கடைசில கணக்கு பாக்குற அக்காதான் கண்டுபிடிக்கணும். எனக்கு இந்த மாதிரி பக்தான் ரொம்ப பயம், ஏன்னா கஸ்டமர்கிட்ட வாங்குன காசு அது.

அதனால பில்ஃபேக்டரின்னு ஒரு பேஸ் கிளாஸ், அதுல வரி, க்யூஆர், ரவுண்டிங் மூணுக்கும் ஒவ்வொரு அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் (பேர இங்க சொல்லிட்டு, வேலைய கீழ வர்ற கிளாஸ் எழுதணும்னு விடுறது), அதுக்குக் கீழ மலேசியாவுக்கு ஒண்ணு சிங்கப்பூருக்கு ஒண்ணு. எந்த நாடுங்கிற முடிவ புரோகிராம் ஸ்டார்ட் ஆகும்போது ஒரே தடவ எடுத்துட்டு, மத்த கோட் எல்லாம் ஃபேக்டரிகிட்ட மட்டும் கேட்கணும், நாட்டுப் பேரே அங்க வரக்கூடாது.

பைத்தான்ல நான் திரும்பத் திரும்ப பாக்குறது இதுதான்: மெத்தடுக்கு மேல அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்னு டெக்கரேட்டர் குறிய போட்டுருவாங்க, ஆனா கிளாஸ ஏபிசிங்கிற பைத்தானோட ரெடிமேட் அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ்ல இருந்து இன்ஹெரிட் பண்ண மறந்துடுவாங்க. அப்படி இருந்தா அந்த டெக்கரேட்டர் ஒண்ணுமே தடுக்காது, மெத்தட் இல்லாத ஃபேக்டரி கூட ஜாலியா ஆப்ஜெக்ட் ஆயிடும். ஒழுங்கா இன்ஹெரிட் பண்ணியிருந்தா ஆப்ஜெக்ட் உருவாக்குற நேரத்துல டைப்எரர் வரும். ஆனா அதுவும் மெத்தட் பேரு இருக்கான்னு மட்டும்தான் பாக்கும், ஆர்க்யூமென்ட் எத்தனை, என்ன டைப்னு பாக்காது, அதுக்கு டைப் ஹின்ட் எழுதி, மைபைங்கிற டைப் செக் பண்ற டூல ஓட்டுங்க.

எல்லாத்துக்கும் இதத் தூக்கிட்டு வராதீங்க, ப்ளீஸ். வரி மட்டும்தான் நாட்டுக்கு நாடு மாறுதுன்னா ஒரு டிக்ஷனரில கிளாஸ வச்சு எடுத்தாலே முடிஞ்சுது, பைத்தான்ல கிளாஸே ஒரு ஆப்ஜெக்ட், நேரா கூப்பிட்டா புதுசு தந்துடும். ஜாவா புத்தகத்துல பார்த்தத அப்படியே கொண்டு வந்து நாலு ஃபைல் நெறைய காலி கிளாஸ் எழுதுனா அடுத்து வர்றவங்களுக்குத்தான் கஷ்டம்.

இன்னொரு விஷயம், புது நாடு சேர்க்கிறது ஈஸி, புதுசா ஒரு ஃபேக்டரி எழுதுனா போதும். ஆனா ஃபேக்டரி தர்ற செட்டுல வரி, க்யூஆர் மாதிரி புதுசா ஒரு வகை ஆப்ஜெக்ட் சேர்க்கிறது அப்படி இல்ல. நம்ம வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட்ல பெரிய கம்பெனிங்கள்ல இருந்து இ-இன்வாய்ஸ் ஆரம்பிச்சாங்கல்ல, அந்த மாதிரி ஒண்ணு வந்தா பேஸ் கிளாஸயும் தொடணும், எல்லா நாட்டு ஃபேக்டரியையும் தொடணும். ஒண்ண விட்டுட்டா ஏபிசி கத்தும், ஆனா அந்த ஆப்ஜெக்ட் உருவாகும்போதுதான் கத்தும். அதனால ஃபேக்டரிய பில் போடுற ஃபங்ஷனுக்குள்ள உருவாக்காதீங்க, கடை தொறக்கும்போது சர்வர் ஸ்டார்ட் ஆகுற எடத்துல உருவாக்குங்க, கூடவே எல்லா நாட்டு ஃபேக்டரியையும் ஒரு தடவ உருவாக்கிப் பாக்குற சின்ன டெஸ்ட் ஒண்ண சிஐல (கோட் மாறும்போதெல்லாம் தானா டெஸ்ட் ஓட்டுற எடம்) போட்டு வைங்க.