பொம்மைக்குப் பின்னிய ஸ்வெட்டர் ஏன் விறைத்து நிற்கிறது?

பதினொன்றரை அங்குல உயரமுள்ள பொம்மைக்காகப் பின்னிய கார்டிகனை, அதாவது முன்புறம் திறக்கும் ஸ்வெட்டரை, பொத்தான் போட்டு மேசைமீது நிறுத்தினால், அது பெரும்பாலும் சரிவதில்லை. உள்ளே யாரோ இருப்பதைப் போலத் தோள்களை உயர்த்தி, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியபடி நிற்கும். அதே நூலில் பெரியவர்களுக்காகப் பின்னிய ஸ்வெட்டரோ, நிறுத்திய மறுகணமே குவியலாகச் சரிந்துவிடும். சேகரிப்புப் பொம்மைகளுக்கு உடை பின்னத் தொடங்குகிறவர்களின் முதல் ஏமாற்றம் இங்கிருந்துதான் வருகிறது. அளவுகள் சரியாக இருக்கும், கண்ணிகளின் எண்ணிக்கையும் பிசகாது. ஆனாலும் பொம்மைக்கு அணிவித்த பிறகு அது உடையாகத் தெரியாமல் உறையாகத் தெரியும். இதற்காகத் தம் கைத்திறனை நொந்துகொள்பவர்கள் பலர். நூலும் புவியீர்ப்பும் பொம்மைக்காகச் சுருங்குவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால், அந்த வருத்தத்துக்கு இடமிராது.

1959-இல் அறிமுகமான பார்பி பொம்மையின் உயரம் சுமார் 29 செ.மீ.; அதாவது வளர்ந்த மனித உருவத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 1972-இல் வெளிவந்த பெரிய தலையுடைய பிளைத் பொம்மையும் ஏறக்குறைய இதே உயரம்தான். 1986-இல் தொடங்கிய அமெரிக்கன் கேர்ள் வரிசைப் பொம்மைகள் 46 செ.மீ. உயரமுள்ளவை, 1999-இல் ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் கொண்டுவந்த பந்துமூட்டுப் பொம்மைகள் 60 செ.மீ. அளவை நெருங்குபவை. உருவம் சிறுக்கச் சிறுக்கச் சிக்கல் கூர்மையாகும் என்பதால், ஆறில் ஒரு பங்கு அளவையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பின்னல் துணியின் இயல்பைப் பார்க்க வேண்டும். நெசவுத் துணியில் நூல்கள் நேராக ஓடி ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. பின்னலில் ஒரே நூல் வளைந்து வளைந்து வளையங்களாகி, ஒவ்வொரு வளையமும் தனக்குக் கீழே உள்ள வளையத்தினூடே மேலேறி வருகிறது; இந்த வளையத்தையே கண்ணி என்கிறோம். ஸ்வெட்டரை அகலவாக்கில் இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. கண்ணியின் உயரத்துக்குச் செலவாகியிருந்த நூல் அகலத்துக்கு இடம்பெயர்கிறது. விட்டவுடன், வளைக்கப்பட்ட நூல் குறைந்த வளைவுக்குத் திரும்ப முயல்வதால் துணி பழைய வடிவை அடைகிறது. நூல் நீளாது, அதை வளைக்க ஆற்றல் வேண்டும், கண்ணிகள் ஒன்றையொன்று விட்டு விலக முடியாது என்னும் எளிய அடிப்படைகளிலிருந்தே துணியின் நெகிழ்ச்சியைக் கணக்கிடலாம் என்று சாமுவேல் போன்க்ளூ, மொக்தார் அத்தா-பெடியா, ஃபிரெடெரிக் லெஷெனோ ஆகிய இயற்பியலாளர்கள் 2018-இல் காட்டினார்கள்.

அதற்கு வெகு முன்பே, 1959-இல், டி. எல். மண்டன் என்ற ஆய்வாளர் பின்னுபவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஓர் உண்மையை நிறுவியிருந்தார். ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூலின் நீளமே துணியின் அளவைத் தீர்மானிக்கிறது; ஒரு சதுர சென்டிமீட்டரில் அடங்கும் கண்ணிகளின் எண்ணிக்கை அந்த நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. கண்ணிக்கான நூலைப் பாதியாக்கினால் அதே பரப்பில் நான்கு மடங்கு கண்ணிகள் விழும். அந்த நீளத்தைக் கட்டுப்படுத்துவது ஊசியின் பருமன். நூலை மட்டும் மெலிதாக்கி ஊசியை மாற்றாமல் விட்டால் துணி வலையாகிவிடும். ஊசியை மட்டும் மெலிதாக்கினால் அட்டையாகிவிடும். இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்கினால்தான் துணியின் தோற்றம் மாறாமல் சிறுக்கும்.

அப்படியென்றால் ஆறில் ஒரு பங்கு பருமனுள்ள நூலைத் தேடிப் பிடித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு இழைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரியவர்களின் ஸ்வெட்டருக்கு வழக்கமாகப் பயன்படும் நடுத்தரக் கம்பளி நூல், 100 கிராமுக்குச் சுமார் 230 மீட்டர் ஓடும். மெரினோ ஆட்டின் மெல்லிய மயிரிழை ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமன் உள்ளது. கம்பளியின் அடர்த்தியையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த நூலை எந்த இடத்தில் வெட்டினாலும் குறுக்கே ஆயிரத்துக்குச் சற்று அதிகமான இழைகள் இருக்கும். நூலின் விட்டம் ஆறில் ஒரு பங்காகும்போது குறுக்குப் பரப்பு முப்பத்தாறில் ஒரு பங்காகிறது. ஆகவே எஞ்சுவது முப்பதுக்கும் குறைவான இழைகளே. கம்பளியை நூலாக நூற்பதற்குக் குறுக்கே 35 முதல் 40 இழைகளாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் நூல் சீராக வராது, அறுந்துகொண்டே இருக்கும். நடுத்தர ஸ்வெட்டர் நூலின் உண்மையான பொம்மைப் பதிப்பு, நூற்க முடிகிற எல்லைக்கு ஒரு படி கீழே நின்றுவிடுகிறது. ஆட்டு மயிர் பொம்மைக்காக மெலியாது என்ற ஒரே காரணத்தால் இப்படி ஓர் எல்லை அமைந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

துணி விறைத்து நிற்பதற்கான விளக்கம் 1930-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. துணியின் தொடு உணர்வை எண்ணால் அளக்க விரும்பிய எஃப். டி. பியர்ஸ் என்ற ஆய்வாளர், ஒரு துணிப் பட்டையை மேசை விளிம்பைத் தாண்டி மெல்ல நகர்த்தி, அது தன் எடையால் 41.5 பாகை சரிவுக்குத் தாழும்வரை எவ்வளவு நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார். அந்த நீளத்தில் பாதியை வளைவு நீளம் என்று கொண்டார். இதை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, ஒரு பின்னல் பட்டை 5 செ.மீ. வெளியே வந்த பிறகு அந்தச் சரிவை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 செ.மீ. நீளமுள்ள ஸ்வெட்டரில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே துணி தாராளமாக மடிந்து தொங்கும். அதே துணியில் 10 செ.மீ. நீளப் பொம்மை ஸ்வெட்டரைப் பின்னினால், உடையின் சரிபாதி நீளம் வரை துணி வளையத் தயங்கும். நூல், இழை எல்லாவற்றையும் ஆறில் ஒரு பங்காக்க ஏதோ ஒரு மாயத்தால் முடிந்தாலும் சிக்கல் முழுதும் தீராது. தடிமன் குறையும்போது வளைவு நீளம் 3.3 மடங்கு மட்டுமே குறையும், உடையோ ஆறு மடங்கு குறைந்திருக்கும், ஒப்பீட்டளவில் 1.8 மடங்கு விறைப்பு மிஞ்சிவிடும்.

எனவே என் கருத்தில், பொம்மை ஸ்வெட்டரைத் தோளிலிருந்து தொங்கும் சட்டையாக நினைத்துத் திட்டமிடுவதே பிழை. காலுறையைப் போல நினைக்க வேண்டும். மனிதர் உடுத்தும் ஸ்வெட்டர் எடையால் அமர்கிறது. பொம்மையின் ஸ்வெட்டர் தன் நெகிழ்ச்சியால் உடலைப் பற்றிக்கொண்டுதான் அமர முடியும்.

எண்களில் இதைப் பார்ப்போம். மெல்லிய நூலும் 1.5 மி.மீ. ஊசியும் கொண்டு பின்னினால் 10 செ.மீ. அகலத்துக்கு 48 கண்ணிகள் கிடைப்பதாகக் கொள்வோம். பொம்மையின் மார்புச் சுற்றளவு 13 செ.மீ. கைகளும் உடலும் கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்வான கோடுகளில் சந்திக்கும்படி கீழ்நோக்கிப் பின்னும் ரக்லன் முறையில், 36 கண்ணிகள் ஏற்றி, முன்பக்கங்களுக்கு ஐந்தைந்து, கைகளுக்கு ஏழேழு, முதுகுக்குப் பன்னிரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். இந்தப் பகுதிகள் சந்திக்கும் நான்கு கோடுகளின் இருபுறமும் ஒரு கண்ணி கூட்டினால், கூட்டும் வரிசை ஒவ்வொன்றிலும் 8 கண்ணிகள் சேரும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக ஒன்பது முறை கூட்டிய பின், முன்பக்கங்கள் 14, கைகள் 25, முதுகு 30 என்று மொத்தம் 108 கண்ணிகள் ஊசியில் இருக்கும். கைகளைத் தனியே நிறுத்திவைத்து, அக்குளில் பக்கத்துக்கு நான்கு கண்ணிகள் புதிதாக ஏற்றினால் உடலுக்கு 66 கண்ணிகள். பொத்தான் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று மூன்று கண்ணி அகலத்துக்குப் படிவதால், உடலைச் சுற்றுவது 63 கண்ணிகள், அதாவது 13.1 செ.மீ.

13 செ.மீ. உடலுக்கு இது சற்றே தளர்வு என்று தோன்றும். ஆனால் துணிக்கும் தடிமன் உண்டு. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள துணி உடலைச் சுற்றும்போது அதன் நடுப்பகுதி ஓடவேண்டிய சுற்றளவு 3 மி.மீ. கூடி 13.3 செ.மீ. ஆகிறது. ஆகவே இந்த உடை 2 மி.மீ. இறுக்கமாக, நாம் விரும்பியபடியே பற்றிக்கொள்ளும். மனித உடலில் யாரும் பொருட்படுத்தாத இந்தத் தடிமன்தான் இங்கே பொருத்தத்தை முடிவு செய்கிறது. தையல் இணைப்பிலும் இதுவே நேர்கிறது. இரண்டு விளிம்புகளைச் சேர்த்துத் தைத்தால் உள்ளே எழும் 2 மி.மீ. மேடு, நம் உடலில் 12 மி.மீ. தடித்த வடத்துக்குச் சமம். ரக்லன் முறையில் தையலே தேவைப்படாததால் அது பொம்மை உடைக்கு மிகவும் பொருந்துகிறது. இந்தத் தோள் அமைப்பு, வாட்டர்லூ போரில் கையை இழந்த ரக்லன் பிரபுவின் பெயரைத் தாங்குகிறது. கார்டிகன் என்ற பெயர் ஏழாம் கார்டிகன் பிரபுவிடமிருந்து வந்தது. 1854-இல் கிரிமியப் போரில் முன்னவர் பிரிட்டிஷ் படையின் தலைமைத் தளபதியாகவும் பின்னவர் இலகு குதிரைப்படைப் பிரிவின் தலைவராகவும் இருந்தவர்கள்.

63 கண்ணிகள் என்பது மிகக் குறைவான எண்ணிக்கை. பெரியவரின் ஸ்வெட்டரில் மார்பைச் சுற்றி இருநூறுக்கு மேல் கண்ணிகள் இருக்கும். எனவே பொம்மையின் உடையில் ஒவ்வொரு கண்ணியும் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிதாகத் தெரிகிறது. குறைந்த புள்ளிகளில் அச்சிட்ட படத்தைப் போல நுணுக்கங்கள் உடைந்துவிடுகின்றன. ஆறு கண்ணி அகல முறுக்குப் பின்னல் மார்பில் கயிறு கட்டியதைப் போலிருக்கும். அந்த இடத்தில் இரண்டு கண்ணிகளை மட்டும் மாற்றிப் பின்னுவது அளவோடு அமையும். நூலிலிருந்து சிலிர்த்து நிற்கும் மயிரிழைகளும் இப்படியே பெரிதாகத் தெரிகின்றன. நூலின் மேலே 3 மி.மீ. நீட்டி நிற்கும் மயிரிழை பொம்மைமீது 18 மி.மீ. ரோமமாகத் தெரிவதால், அங்கோரா ஆட்டு மயிரான மோஹேர் நூலில் பின்னிய கார்டிகன் விலங்குத் தோலைப் போலாகிவிடும். பட்டு நூலும், ஜான் மெர்சர் 1850-இல் காப்புரிமை பெற்ற முறையில் காரத்தில் பதப்படுத்தி, பின்னாளில் வந்த வழக்கப்படி இழுத்துப் பிடித்துப் பளபளப்பாக்கிய மெர்சரைஸ்டு பருத்தி நூலும் இதற்கு ஏற்றவை. பட்டின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்குவதால் துணி வளைவதும் சுலபமாகிறது.

விளிம்பு சுருள்வது இன்னொரு தொல்லை. ஒரு பக்கம் முழுவதும் நிட் (V வடிவில் தெரியும் கண்ணி), மறுபக்கம் முழுவதும் பர்ல் (மேடாகத் தெரியும் கண்ணி) என்று தெரியும் சாதாரணப் பின்னலில், கண்ணியின் கால்கள் முன்னேயும் தலை பின்னேயும் அமைகின்றன. வளைந்த நூல் நிமிர முயல்வதால், பக்க விளிம்புகள் பின்புறமாகவும் மேல், கீழ் விளிம்புகள் முன்புறமாகவும் சுருள்கின்றன. சுருளின் அளவு நூலைப் பொறுத்தது, உடையின் நீளத்தைப் பொறுத்ததன்று. அதனால் ஒரு சென்டிமீட்டர் சுருள் பொம்மை ஸ்வெட்டரில் பத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. நிட்டும் பர்லும் மாறிமாறி வரும் ரிப், கார்டர் பின்னல்களில் எதிரெதிர் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் விளிம்பு தட்டையாக நிற்கும். இந்த இரண்டு கண்ணிகளின் வரிசையை மாற்றுவதாலேயே ஒரே நூலிலிருந்து வெவ்வேறு நெகிழ்ச்சியுள்ள துணிகள் பிறப்பதை அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா மட்சுமோட்டோவின் குழு 2024-இல் அளந்து வெளியிட்டது. அகலவாக்கில் நன்றாக நீளும் ரிப்பை இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் வைத்தால், உடை பற்றிக்கொள்வதும் விளிம்பு அடங்குவதும் ஒருசேர நடக்கும்.

பின்னி முடித்த உடையை நனைத்து, வடிவம் பார்த்துக் குண்டூசியால் விரித்து உலர்த்துவதைத் தவிர்க்கவே கூடாது. கம்பளிப் புரதத்திலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் நீரில் தளர்ந்து, உலரும்போது புதிய நிலையில் மீண்டும் இணைகின்றன. நீட்டிக்கொண்டு நின்ற கைகள் அதன்பிறகுதான் உடலோடு தாழ்கின்றன.

அணிவிக்கும்போது பொம்மையின் விரிந்த விரல்கள் கண்ணிகளில் மாட்டும். கையின்மேல் சிறு காகிதக் குழலைச் செருகி, குழலோடு கையை நுழைத்து, பிறகு குழலை உருவிவிடலாம். முன்புறம் முழுதும் திறக்கும் கார்டிகன், பெரிய தலையும் வளையாத முழங்கையும் உள்ள பொம்மைகளுக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. பொம்மையின் உடலான வைனில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் சாயத்தை ஈர்த்துக்கொள்வதால், அடர் சிவப்பு, கருநீல நூல்கள் பொம்மையின் உடலில் கறையாகப் படிந்துவிடும். அது தோலுக்குள் ஊடுருவிய கறை என்பதால் கழுவினால் போகாது. செம்பு கலந்த உலோகப் பொத்தான்களையும் வைனிலின்மீது படவிடக் கூடாது. பழைய பார்பி பொம்மைகளின் காதுகள் கம்மலின் உலோகத்தால் பச்சையாகிப் போனதைச் சேகரிப்பவர்கள் அறிவார்கள். அடர்நிற உடையை நிறம் வெளியேறாமல் நிற்கும்வரை அலசி, ஈரத்தோடு வெள்ளைத் துணிக்கு இடையில் ஓர் இரவு அழுத்தி வைத்துப் பாருங்கள். காலையில் துணி வெள்ளையாகவே இருந்தால் மட்டும் அதைப் பொம்மைக்கு அணிவியுங்கள்.