டென்ஷன் திருகை விட்டுவிட்டு ஊசியைப் பாருங்கள்

இந்த மாதத்தில் என் ரிப்பேர் கடைக்கு வந்த நான்காவது தையல் மிஷின் இது. திருமங்கலத்திலிருந்து லோடு ஆட்டோ பிடித்து, தோலை மேலிருந்தும் நகர்த்தித் தைக்கும் வாக்கிங் ஃபுட் மிஷினின் தலையைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார் ஒரு தங்கச்சி. "டைமிங் போய்விட்டது அண்ணே. தையல் விட்டு விட்டு விழுகிறது, நூலும் அறுந்துகொண்டே இருக்கிறது."

ஊசியும், அடியில் அதன் நூலைப் பிடிக்கும் ஹூக்கும் நேரம் தவறாமல் சந்திப்பதுதான் டைமிங். அது எங்கும் போகவில்லை. திண்டுக்கல்லில் வாங்கிய தோலில் கைப்பை தைக்கிறார். போட்டிருந்தது 20ஆம் நம்பர் பாண்டட் நைலான் (இழைகளை ஒட்டிச் செய்த) நூல். ஊசியோ 16, அதுவும் துணி ஊசி. எச்சில் தொட்டு முறுக்கி எப்படியோ காதில் நுழைத்திருக்கிறார். அறுந்த நுனி பஞ்சாகப் பிரிந்திருந்தது. அதைப் பார்த்ததுமே மிஷினைத் திறக்கத் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது.

"40ஐ விட 20 மெல்லிசுதானே அண்ணே? அதனால்தான் சின்ன ஊசி போட்டேன்."

எத்தனை பேருக்குத்தான் சொல்வது! நூல்கண்டில் இருக்கும் டிக்கெட் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும். இரண்டும் எதிரெதிர். மதுரை செல்லூரில் தறி ஓட்டிய யாரிடமும் கேளுங்கள்: 100 கவுண்ட் நூல் மெல்லியதா, 40 கவுண்ட் மெல்லியதா? சேலைக்குக் கவுண்ட் பார்த்து வாங்கத் தெரிந்த மதுரைக்காரர்களுக்கு நூல்கண்டில் மட்டும் அது மறந்துபோகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. சில கண்டுகளில் டெக்ஸ் என்று போட்டிருப்பார்கள். அதில் எண் கூடினால் தடிமனும் கூடும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படியுங்கள்.

ஊசிப் பாக்கெட்டில் 110/18 என்றிருந்தால் 110 என்பது ஊசியின் குறுக்களவு, அதாவது 1.1 மில்லிமீட்டர்; 18 என்பது அதே ஊசியின் இன்னொரு நம்பர். தோலில் 60ஆம் நம்பர் நூலுக்கு 90 அல்லது 100, 40ஆம் நம்பருக்கு 100 அல்லது 110, 20ஆம் நம்பருக்கு 130 அல்லது 140. சந்தேகம் இருந்தால் ஊசியைக் கழற்றி அதே நூலைக் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் ஊசி சிறியது.

ஊசி சிறியதாக இருந்தால் மேல் நூலும் அடி நூலும் பின்னும் முடிச்சு தோலுக்குள் இறங்காமல் அடிப்பக்கம் பொடிப்பொடியாகத் தெரியும். உடனே நூலை இறுக்கும் டென்ஷன் திருகை முறுக்குவார்கள், நூல் அறும், இன்னும் முறுக்குவார்கள். இந்தத் தங்கச்சி திருகைக் கடைசி மரை வரை ஏற்றியிருந்தார். அதற்காக 40ஆம் நம்பர் நூலுக்கு 140 ஊசியையும் போட்டுவிடாதீர்கள். தோலில் விழுந்த ஓட்டை துணியைப் போல மூடிக்கொள்ளாது. பிரித்துத் தைத்தாலும் தழும்பு நிற்கும்.

தோலுக்குத் தோல் ஊசிதான். அதன் முனை கத்தி போல வெட்டி இறங்கும். அதே ஊசியை ரெக்சினில் போட்டால் தையலோடு கிழியும், அங்கே உருண்டை முனை போதும். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள். தபால்தலை ஓரம் மாதிரி தோல் பிய்ந்து வரும். வீட்டுத் தையல் மிஷினில் 20ஆம் நம்பர் நூலா? அதை விட்டுவிடுங்கள், பாவம் அது.

16லிருந்து (100/16) 22க்குத் (140/22) தாவினால் ஊசிக்கும் ஹூக் முனைக்கும் உள்ள இடைவெளியைத் திருத்த வேண்டும். தடித்த ஊசி உரசி ஹூக்கை மழுங்கடித்துவிடும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

140 தோல் ஊசி போட்டு, இடைவெளியைச் சரிசெய்து, டென்ஷனைத் தளர்த்தி அவருடைய தோலிலேயே ஒரு சாண் ஓட்டிக் காட்டினேன். திருப்பிப் பார்த்தார், முடிச்சு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. ஆட்டோ வாடகை என் கூலியை விட அதிகம்.

அடுத்த முறை மிஷினைச் சுமந்து வராதீர்கள் தாயே. ஒரு துண்டுத் தோலும் ஒரு முழம் நூலும் கொண்டுவாருங்கள், ஊசியை நான் எடுத்துத் தருகிறேன்.