முதல் ஊசி எவ்வளவு?

புது மருந்தை முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கும் கட்டத்தில், நோய் குணமாகுமா என்பது இரண்டாம் பட்சம். உடம்பு எவ்வளவு தாங்கும்? அதுதான் கேள்வி. நம் உடம்பையே தாக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்க வரும் மருந்துகளில் இதைக் கணிப்பது கடினம். ஓர் அணுவைச் சீண்டினால் அது மற்றவற்றையும் கூப்பிட்டுவிடும்.

2006 மார்ச் 13, லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். முடக்குவாதம் போன்ற நோய்களுக்காக உருவான டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பான் (ஆன்டிபாடி) மருந்து, ஆரோக்கியமான ஆறு தன்னார்வலர்களுக்கு ஏறியது. அளவு, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். குரங்குகள் சிரமமின்றித் தாங்கியதில் 500இல் ஒரு பங்கு. சுமார் பத்து நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஏற்றினார்கள். முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பொறுத்துப் பார்க்கவில்லை. 90 நிமிடங்களுக்குள் ஆறு பேருக்கும் உடல் முழுக்க அழற்சி. அடுத்த நாளுக்குள் நுரையீரலும் சிறுநீரகமும் தடுமாறின. நல்லவேளை, அனைவரும் பிழைத்தார்கள்.

குரங்கு ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? சாதாரணமாக டி அணு என்ற நோய் எதிர்ப்பு அணு வேலையில் இறங்க இரண்டு சமிக்ஞைகள் வேண்டும். இந்த மருந்து அந்த அணுவின் மேற்பரப்பில் சமிக்ஞை வாங்கும் சிடி28 என்ற ஒரே ஏற்பியைப் பிடித்தே அதைத் தூண்டிவிடும். சோதித்த குரங்கு இனத்தில், சண்டைக்குத் தயாரான நினைவு டி அணுக்களில் அந்த ஏற்பி இல்லை. மனிதரில் உண்டு.

அதன்பின் கணக்கே மாறியது. விலங்கு தாங்கிய அளவை மட்டும் பார்க்காமல், மனித அணுக்களில் மருந்து லேசாக வேலை காட்டத் தொடங்கும் அளவையும் கணித்து, அங்கிருந்து தொடங்குகிறார்கள். முதலில் ஒருவருக்கு மட்டும், அப்புறம்தான் மற்றவர்களுக்கு. அதே மருந்தைப் பின்னாளில் ரஷ்யாவில் லண்டன் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கிக் கொடுத்தபோது அந்த அழற்சிப் புயல் வரவில்லை.

சரி, எல்லாவற்றையும் ஆரோக்கியமானவர்களிடம் சோதிக்க முடியுமா? முடியாது. உடம்பையே நோய் எதிர்ப்பு தாக்கும் லூபஸ் நோய்க்கான கார்-டி சிகிச்சையில் நோயாளியின் டி அணுக்களையே எடுத்து, மரபணு மாற்றி, அவருடைய உடம்பில் எதிர்ப்பான்களுக்கு மூலமான பி அணுக்களை அழிக்க அனுப்புகிறார்கள். அதற்கு முன் கீமோ மருந்து வேறு. ஆகவே மற்ற மருந்துகள் கைகொடுக்காத நோயாளிகளிடமே தொடங்கினார்கள். ஜெர்மனியின் எர்லாங்கன் குழு 2021இல் 20 வயதுப் பெண் ஒருவரின் முன்னேற்றத்தைப் பதிவுசெய்தது. 2024இல் லூபஸ் உள்ளிட்ட மூன்று நோய்கள் கொண்ட 15 பேரின் முடிவுகளை வெளியிட்டது. அனைவராலும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்த முடிந்தது. அசத்தலான முடிவுதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. அதற்குப் பெரிய சோதனைகள் வேண்டும். மாற்றிய மரபணு அணுக்களிலேயே தங்கிவிடுவதால், இத்தகைய சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் வரை கண்காணிக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு.