உரைத்திருத்திக்குள் புதிய படவகையைச் சேர்ப்பதற்கு முன்

உரைத்திருத்திகளுக்கு நீட்சிகள் எழுதுவது என் தொழில். திருத்தி அறியாத ஏதோவொரு படவகையையும் அதற்குள்ளேயே திறந்து காட்ட வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. கோப்பின் பைட்டுகளைப் படமாக மாற்றும் டிகோடர் என்ற நிரலொன்றை எழுதி இணைத்தால் அரை நாளில் முடிந்துவிடும் என்றுதான் தொடக்கத்தில் நானும் எண்ணினேன். முன்பின் அறியாதவர்கள் அனுப்பிய கோப்புகளையும் நாம் தயங்காமல் திறந்து பார்க்கும் இடம் உரைத்திருத்தி. அங்கே படம் காட்டும் வசதியோடு, அந்தக் கோப்பின் பைட்டுகளை நம்பி இயங்கும் ஒரு நிரலும் சேர்ந்தே நுழைகிறது என்பது கியூஓஐ (QOI) என்ற படவகையைக் கையாண்டபோதுதான் எனக்கு உறைத்தது.

2021-இல் வெளிவந்த மிக எளிய படவகை அது. அதன் தலைப்பகுதி 14 பைட்டுகளே: அடையாளத்துக்கு 4, அகலத்துக்கு 4, உயரத்துக்கு 4, நிறத் தடங்களின் எண்ணிக்கைக்கும் நிறவெளிக்கும் ஒவ்வொன்று. நான் முதலில் எழுதிய நிரல், அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி, பிக்சலுக்கு 4 பைட் வீதம் நினைவகம் கேட்டது. அகலம் 65,536 என்றும் உயரம் 16,384 என்றும் யாராவது எழுதி வைத்தால், விடை 4,29,49,67,296. 32 பிட் எண்ணின் உச்சம் இதைவிட ஒன்று குறைவு என்பதால் இது அதில் அடங்காது; மிஞ்சுவது பூச்சியம். அதாவது, இடமே பெறாத நிரல் வேறு தரவுகள் இருக்கும் நினைவகத்தின் மேல் பிக்சல்களை எழுதத் தொடங்கிவிடும். அதற்குச் சில பத்து பைட்டுகள் கொண்ட கோப்பே போதும். அந்தப் படவகையின் மாதிரி நிரலில் 40 கோடிப் பிக்சல் என்ற உச்சவரம்பு இருக்கிறது. சொந்தமாக எழுதும்போது அதை நான் விட்டுவிட்டேன். அந்த வரம்புகூட 160 கோடி பைட் வரை அனுமதிக்கிறது; உரைத்திருத்திக்கு அது மிக அதிகம்.

தேர்ந்தவர்கள் எழுதிய லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல்தொகுப்பை, எடுத்துக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். வெப்பி (WebP) படவகையின் லைப்ரரியில் 2023 செப்டம்பரில் வெளிவந்த ஓட்டையும் நினைவக எல்லையைத் தாண்டி எழுதும் பிழைதான். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எலக்ட்ரான் என்ற செயலிக் கட்டமைப்பின் மேல் கட்டப்பட்ட மென்பொருள்கள் எல்லாம் அவசரமாகத் திருத்தப்பட்டன. 2016-இல் இமேஜ்மேஜிக் என்ற படமாற்று மென்பொருளில் வெளிப்பட்ட குறையோ, படக்கோப்பின் வழியே கணினிக்குக் கட்டளைகளையே இட இடம் கொடுத்தது. பாதுகாப்பையும் நிலைத்தன்மையையும் காரணம் காட்டி, 2020-இல் வந்த ஈமாக்ஸ் உரைத்திருத்தியின் 27-ஆம் பதிப்பு இமேஜ்மேஜிக்கை இயல்பாகப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டது. அரிய வகைகளை வெளி மென்பொருள் கொண்டு மாற்றிக் காட்டும் வசதியைத் தந்தாலும், பயனரே முடுக்கினாலன்றி அது இயங்காது. இந்த முடிவு மிகச் சரியானது என்பேன்.

இப்போது நான் டிகோடரைத் திருத்தியின் புராசஸுக்குள், அதாவது திருத்தி இயங்கும் அதே நினைவகப் பகுதிக்குள், வைப்பதே இல்லை. தனிப் புராசஸ் ஒன்று, நினைவகத்துக்கும் நேரத்துக்கும் வரம்பு விதிக்கப்பட்டு, வலை இணைப்பின்றிப் படத்தைப் பிஎன்ஜியாக மாற்றித் தருகிறது. அது செத்தாலும் திறந்திருக்கும் ஆவணம் பிழைத்துக்கொள்ளும். கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டை நம்பாமல் தொடக்க பைட்டுகளைப் பார்க்கிறேன். அகலமும் உயரமும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்பதைப் பெருக்கிப் பார்க்காமல், வரம்பை அகலத்தால் வகுத்து உயரத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறேன்.

தொடக்க பைட்டுகளைப் பார்க்கும் இந்த முறைக்கு டிஜிஏ (TGA) என்ற படவகைதான் ஒத்துவரவில்லை. அதன் தொடக்கத்தில் அடையாள பைட்டுகளே கிடையாது. பிந்தைய பதிப்பில் கோப்பின் இறுதியில் ஒரு குறி வந்தாலும், அதுவும் கட்டாயமன்று. கோப்புறையைத் திறந்ததும் சிறுபடங்கள் தாமாகவே தெரிய வேண்டும் என்று வாடிக்கையாளர் வற்புறுத்தியபோது, இந்த ஒரு வகைக்கு மட்டும் நான் உடன்படவில்லை. பயனர் அந்தக் கோப்பைத் தேர்ந்து கட்டளை இட்டால்தான் அந்தப் படம் திறக்கும்.