மடக்குக் கத்திக்குள் ஓர் ஆப்பு

பெரியகுளத்தை அடுத்து மாந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் எழுதியிருந்தார். ஒட்டுக் கட்டும் வேலைக்காக அவருடைய மகன் புதிதாக ஒரு மடக்குக் கத்தி வாங்கித் தந்திருக்கிறார். கூர்மையில் குறையில்லை, கைக்குக் கனமில்லை, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் ‘டக்’கென்று விரிந்து நிற்கிறது, ஆனால் விரித்ததை மடக்குவதற்குள் நகம் பெயர்ந்துவிடும் போலிருக்கிறது, பிடிக்குள் இருக்கும் தகடு அலகோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது, இது தயாரிப்புக் குறையா, தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகுமா என்பது அவருடைய கேள்வி. கூடவே ஒரு வரி: மகன் கையிலிருந்து கத்தியை நேராக வாங்க விடாமல், தரையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்ளச் செய்தாராம் அவருடைய மனைவி, அதில் ஏதேனும் அறிவியல் உண்டா?

பின்னதை முதலில் முடித்துவிடலாம். கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. ஆனால் கூரான ஒரு பொருளை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிடித்திருக்கும் அந்த அரை நொடியில், யார் எப்போது விடப் போகிறார் என்பது இருவருக்குமே நிச்சயமில்லை. தரையில் வைத்து எடுத்தால் அந்த அரை நொடியே இல்லாமல் போகிறது. வழக்கத்தோடு எனக்குப் பகையில்லை, அதற்குச் சொல்லப்படும் காரணத்தோடுதான்.

முதல் கேள்வி எனக்கும் உரியது. அதே வகைப் பூட்டு உள்ள கத்தி ஒன்றை மூன்று வாரங்களுக்கு முன் நானும் வாங்கினேன். அலகின் நீளம் 8 சென்டிமீட்டர்; கண்ணாடியிழைத் துணியை எபாக்சியில் தோய்த்து இறுக்கிய கைப்பிடி; சமையலறைத் தராசில் 104 கிராம். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நாளிதழை நீளவாக்கில் கீறியது, நன்கு பழுத்த தக்காளியைச் சாறு தெறிக்காமல் வெட்டியது. மகிழ்ச்சி அன்று மாலை வரை நீடித்தது. பாக்கெட்டில் மாட்டும் கிளிப் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்ததால் இரண்டே நாளில் சட்டைப்பையின் விளிம்பு நூல் நூலாகப் பிரிந்தது. மடக்கி வைத்தால் அலகு பிடியின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கச் சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தது. மூன்றாவது, வாசகர் சொன்ன அதே ஒட்டல். கிளிப்பின் விறைப்பு தயாரித்தவரின் கவனக்குறைவு, அதற்கு அறிவியல் தேவையில்லை. மற்ற இரண்டுக்கும் காரணம் ஒன்றே, அது பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய உலோக நாக்கு.

மடக்குக் கத்தி பழைய பொருள். பென்சில் சீவிய பேனாக் கத்திகளில் பூட்டே கிடையாது. முதுகுப் பக்கத்து ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகை விரித்து நிறுத்தும். பிரான்சின் சவோய் வட்டாரத்தில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு, அலகின் கழுத்தில் திருகி நிறுத்தும் வளையப் பூட்டு 1955-இல்தான் வந்து சேர்ந்தது. நம் இருவர் கையிலும் இருப்பது ‘லைனர் லாக்’ என்னும் வகை. அதன் மூல வடிவத்துக்கு அமெரிக்காவில் 1906-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார்கள். இன்று நாம் காணும் உருவத்தை அதற்கு 1980-களில் கொடுத்தவர் மைக்கேல் வாக்கர் என்னும் அமெரிக்கக் கத்திக் கலைஞர்.

கத்தியை விரித்து, அலகு மடங்கி அமரும் பள்ளத்துக்குள் பாருங்கள். இரு புறமும் மெல்லிய எஃகுத் தகடுகள் தெரியும். அவற்றில் ஒன்றை நீளவாக்கில் பிளந்து, பிளந்த பகுதியை உட்புறமாகச் சற்று வளைத்திருப்பார்கள். அதுதான் நாக்கு. அலகு மடங்கியிருக்கும்போது அதன் பக்கவாட்டில் நசுங்கிக் கிடக்கும் நாக்கு, அலகு முழுவதும் விரிந்தவுடன் வழி கிடைத்த மகிழ்ச்சியில் உள்ளே பாய்ந்து அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நின்றுவிடுகிறது. நாம் கேட்கும் ‘டக்’ அதுதான். அதன் பிறகு அலகு மடங்க வேண்டுமானால் நாக்கை நசுக்கித்தான் மடங்க வேண்டும். கட்டைவிரலால் நாக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் வழி திறக்கும். இதுவரை எல்லாம் கதவின் தாழ்ப்பாளைப் போலத்தான்.

ஆனால் அலகின் அடிப்பகுதியில் நாக்கு முட்டும் முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அது நேராக வெட்டப்பட்டிருக்காது. ஏறத்தாழ 8 டிகிரி சாய்த்துத் தேய்க்கப்பட்டிருக்கும். அதாவது நாக்கு அங்கே வெறும் தாழ்ப்பாளாக நிற்கவில்லை, மண்வெட்டிக் காம்பில் அடிக்கும் ஆப்பைப் போல இறங்கி இறுகுகிறது. இந்தச் சாய்வு எதற்கு? பூட்டு முகம் நாளடைவில் தேயும். முகம் நேராக இருந்தால் தேய்ந்த அளவுக்கு அலகு ஆடத் தொடங்கும். சாய்வாக இருந்தாலோ, தேய்ந்த இடைவெளியை நிரப்ப நாக்கு தானே இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொள்ளும். 8 டிகிரியின் டேஞ்சென்ட் 0.14. ஆகவே நாக்கு 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் 0.14 மில்லிமீட்டர் தேய்மானம் ஈடாகும். அலகின் பருமன் 3 மில்லிமீட்டர் என்றால், புதுக் கத்தியில் ஓர் ஓரத்தைத் தொட்டு நிற்கும் நாக்கு மறு ஓரம் போய்ச் சேர ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் பயணம் இருக்கிறது; அதற்குள் தலைமுடியைப் போல மூன்று நான்கு மடங்கு பருமனுள்ள உலோகம் தேய்ந்து போயிருக்கும், அலகு ஒரு நாளும் ஆடியிருக்காது. எண்ணெயும் திருகும் கேட்காமல் தன் தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைக் கண்டால் எனக்கு ஒவ்வொரு முறையும் கத்தியை இன்னொரு தடவை விரித்துப் பார்க்கத் தோன்றும்.

சாய்வுக்கு ஒரு விலையும் உண்டு. அலகின் முனைக்கருகே முதுகில் 5 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை விழுகிறது என்று கொள்வோம். அச்சிலிருந்து முனை 8 சென்டிமீட்டர் தொலைவில், பூட்டு முகமோ 8 மில்லிமீட்டர் தொலைவில். நெம்புகோல் கணக்குப்படி நாக்கின் மேல் விழுவது 50 கிலோகிராம். முகம் சாய்ந்திருப்பதால் அந்த 50-இல் 0.14 பங்கு, அதாவது 7 கிலோகிராம், நாக்கைப் பக்கவாட்டில் வெளியே பிதுக்கப் பார்க்கும். நாக்கின் ஸ்பிரிங் விசை அதை எதிர்க்கப் போதவே போதாது. பிறகு எது எதிர்க்கிறது? உராய்வு. அது மட்டுமே. இரு உலோகங்களுக்கும் இடையிலான உராய்வுக் குணகம் (அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாக எதிர்க்கிறது என்னும் எண்) 0.14-ஐவிட அதிகமாக இருக்கும்வரை, மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் நாக்கு வழுக்காது. அழுத்தம் கூடக் கூட உராய்வும் கூடும். பள்ளியில் படித்த உராய்வுக் கோணம் இதுவே: ஆப்பின் சாய்வு அதற்குள் அடங்கினால் ஆப்பு தானாக நிற்கும், மீறினால் தானாக வெளியேறும். சாய்வைக் கூட்டினால் கத்தி விரல்மேல் மடங்கும், குறைத்தால் நாக்கு ஒட்டிக்கொண்டு நகத்தைப் பெயர்க்கும். நம் கத்திகள் இரண்டும் பின்னதன் பக்கம் சாய்ந்தவை. குறை சொல்வதானால், இது நான் விரும்பி ஏற்கும் குறை.

புதுக் கத்தியில் மட்டும் ஒட்டல் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது? இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று அழுத்தினால் முள் நுனிகள் மட்டுமே தொடும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகமும் அப்படித்தான். கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்னும் இரு உராய்வு ஆய்வாளர்கள் காட்டியதுபோல, உண்மையில் தொட்டுக்கொள்ளும் பரப்பு கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறு பங்குதான். முழுச் சுமையும் அந்த நுனிகளில் குவிவதால், அவை நசுங்கி ஒன்றோடொன்று குளிர்நிலையிலேயே பற்றிக்கொள்கின்றன. புதிதாகத் தேய்த்த முகத்தில் அரைப்புக் கல்லின் கோடுகள் கூராக இருப்பதால் பற்று பலமாக இருக்கும். சில நூறு முறை திறந்து மூடினால் நுனிகள் மழுங்கிச் சமனாகும். நாக்கு டைட்டேனியமாக இருந்தால் பற்று இன்னும் மோசம், அந்த உலோகத்தின் இயல்பே அது.

பொறுக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு, அதை நமக்குக் கற்பித்தது ஒரு குரங்கு. ஆப்பசைத்த குரங்கின் கதையில், மரத்தின் பிளவில் இறுகிக் கிடந்த ஆப்பை அது ஒரே இழுப்பில் உருவியிருக்க முடியாது, அசைத்துத்தான் உருவியது. உராய்வு விசை எப்போதும் நழுவும் திசைக்கு நேர் எதிராகத்தான் செயல்படும். பக்கவாட்டில் நழுவச் செய்துவிட்டால் உராய்வின் பெரும்பங்கு அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, வெளியே இழுப்பதைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சமே. இறுகிய மோதிரத்தைச் சுழற்றிக் கழற்றுவதும் இதனால்தான். கத்தியில் இதன் ஒன்றுவிட்ட உறவு ஒன்று உண்டு: அலகிலுள்ள குமிழைக் கட்டைவிரலால் விரிக்கும் திசையிலேயே லேசாக அழுத்தியபடி, மறு கையால் நாக்கைத் தள்ளுங்கள். அலகு மறுபக்கத்துத் தடையாணியோடு அழுந்துவதால் நாக்கின் மேலுள்ள நெரிப்பு குறைந்து, அது சத்தமில்லாமல் நகரும். குரங்கின் வால் மட்டும் நினைவிருக்கட்டும். விரல்கள் அலகின் பாதையில் இருக்கக் கூடாது.

இன்னொரு வழி பென்சில். 4B பென்சிலால் அலகின் பூட்டு முகத்தில் ஒரே ஒரு கோடு இழுத்தால், கிராஃபைட் படலம் உலோக நுனிகளுக்கு இடையே புகுந்து பற்றைத் தடுக்கும். கிராஃபைட்டின் அடுக்குகள் சீட்டுக்கட்டைப் போல நழுவுவதால்தான் அது வழுக்குகிறது என்று பாடநூல் சொல்லும். பாதிதான் உண்மை. இரண்டாம் உலகப் போரின்போது வெகு உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில், சுழலும் பகுதியோடு உரசி மின்சாரத்தைக் கடத்தும் கிராஃபைட் துண்டுகளான கார்பன் பிரஷ்கள் சில மணி நேரத்திலேயே பொடியாக உதிர்ந்தன. தரையில் அவை மாதக்கணக்கில் உழைத்தவை. உயரத்தில் இல்லாமல் போனது நீராவி. காற்றிலுள்ள ஈரம் அடுக்குகளின் ஓரங்களில் ஒட்டி அவற்றின் பசியை ஆற்றினால்தான் கிராஃபைட் வழுக்கும் என்பது அதன் பிறகே தெளிவானது. சென்னையின் புழுக்கத்தை நான் பாராட்டும் ஒரே இடம் இது.

உராய்வைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ‘டிரைபாலஜி’ என்ற பெயரே 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் வெளியான அறிக்கையால்தான் பரவியது. உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தாலே அந்நாடு ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று அது கணக்கிட்டது. உலகம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 23 விழுக்காடு உராய்வோடும் தேய்மானத்தோடும் மல்லுக்கட்டுவதில் போகிறது என்பது 2017-இல் வந்த மதிப்பீடு. ஆனாலும் தலைப்பில் விண்வெளியோ செயற்கை நுண்ணறிவோ இருந்தால் கதவு திறக்கும் அளவுக்கு, கீலுக்கும் பேரிங்குக்கும் நிதி கேட்டால் திறப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

சாய்ந்து நிற்கும் அலகுக்கும் இந்த நாக்கே பொறுப்பு. அதன் பரப்பில் ஒரு கடுகைவிடச் சிறிய உருண்டை பதிக்கப்பட்டிருக்கும். மடங்கிய நிலையில் அது அலகிலுள்ள குழியில் விழுந்து, கத்தி பாக்கெட்டுக்குள் தானாகத் திறவாமல் காக்கிறது. ஆனால் நாக்கு அழுத்துவது ஒரே பக்கத்திலிருந்து என்பதால் அலகு எதிர்ச் சுவரை நோக்கித் தள்ளப்படுகிறது. அச்சுத் திருகை நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று இறுக்கியதும் என் கத்தியில் சாய்வு பாதியாகக் குறைந்தது. மீதியை விட்டுவிட்டேன்; அலகு சுவரில் உரசாதவரை அது கண்ணுக்கு மட்டுமே குறை.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் படிந்த எஃகின் உராய்வுக் குணகம் 0.15 அளவுக்கு, சில வேளை அதற்கும் கீழே இறங்கிவிடும். நம் ஆப்பு கேட்பது 0.14. இவ்வளவு நெருக்கத்தில் விரலைப் பணயம் வைக்க முடியாது. மெல்லிய தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் அச்சில் மட்டும். பூட்டு முகத்துக்குக் கசிந்தால் துடைத்துவிட வேண்டும். இதே காரணத்தால்தான் பென்சிலிலும் ஒரு கோட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறேன். கோடு போட்ட பின், விரல்களை அலகின் பாதைக்கு வெளியே வைத்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்திப் பாருங்கள்; நாக்கு இம்மியும் நகரக் கூடாது. நகர்ந்தால் துணியில் ஸ்பிரிட் தொட்டுக் கோட்டை அழித்துவிடுங்கள்.

என் கத்தியில் கோடு பத்து நாளில் மறைந்தது. பிறகு மறுபடி போடத் தேவைப்படவில்லை. பெரியகுளத்துக் கத்திக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: ஒட்டுக் கட்டும்போது வடியும் மாம்பால் உலர்ந்து நாக்கு வந்து அமரும் இடுக்கில் படிந்தால், ஆப்பு முழுதாக இறங்காமல் ஓரத்திலேயே நின்றுவிடும், அப்போது கேட்கும் ‘டக்’கை நம்ப முடியாது. வேலை முடிந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த இடுக்கைத் தேய்த்து, உலர்த்திய பிறகே மடக்குங்கள்.