கன்வர்ட்டிபிள், ஹார்ட்டாப்: மடிகூரையும் வன்கூரையும்

ஸ்போர்ட்ஸ் கார்களை விரும்புவோரிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு: ஹார்ட்டாப் அழகா, கன்வர்ட்டிபிள் அழகா? இந்த வழக்கு முடிவுக்கு வராமல் இருப்பதற்குச் சுவை வேறுபாடு மட்டும் காரணம் அன்று, கேள்வியில் உள்ள இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று எதிர்ச்சொற்களாக இல்லாததும் காரணம். ஹார்ட்டாப் என்பது கூரை எதனால் ஆனது என்பதை, அதாவது துணியால் அன்றிக் கெட்டியான பொருளால் ஆனது என்பதைச் சொல்கிறது. கன்வர்ட்டிபிள் என்பது கூரை என்ன செய்யும் என்பதை, அதாவது மடிந்து திறக்கும் என்பதைச் சொல்கிறது. ஒரே கார் இரண்டாகவும் இருக்க முடியும். துணி வெள்ளையாக இருப்பது அழகா, நீளமாக இருப்பது அழகா என்று கேட்பதைப் போன்றதுதான் இது.

கன்வர்ட்டிபிள் என்ற சொல்லின் வேர் 'திருப்பு' என்று பொருள்படும் லத்தீன் வினை. ஒன்றிலிருந்து இன்னொன்றாகத் திரும்பக்கூடியது, அதாவது மாறக்கூடியது என்பதே அதன் நேர்ப்பொருள். காரைப் பொறுத்தவரை இப்பெயர் வெறும் அணிக்காக வந்ததன்று. தொடக்ககாலத் திறந்த கார்களுக்கு மழைக்காகத் துணிக்கூரையும், பக்கங்களில் மாட்டிக்கொள்ளத் திரைகளும் இருந்தன. மூடிய பிறகும் அவை கூடாரம் கட்டிய வண்டியாகவே இருந்தன. கதவுக்குள் ஏறி இறங்கும் கண்ணாடியும், அதனோடு பொருந்தி நிற்கும் கூரையும் அமைந்த பிறகுதான், திறந்த வண்டி உண்மையிலேயே மூடிய வண்டியாக மாறியது. அந்த மாற்றத்தைத்தான் சொல் குறிக்கிறது.

இதன் உறவுச் சொற்கள் பெரும்பாலும் குதிரைவண்டிக் காலத்திலிருந்து வந்தவை. கன்வர்ட்டிபிளின் இன்னொரு பெயரான கேப்ரியோலே என்பது பிரெஞ்சு மொழியில் துள்ளலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அதற்கும் பின்னால் லத்தீனில் காட்டாட்டின் பெயர் நிற்கிறது. துள்ளித் துள்ளி ஓடிய இருசக்கரக் குதிரைவண்டிக்கு இட்ட அந்தப் பெயரே சுருங்கி, இன்று வாடகைக் காரைக் குறிக்கும் 'கேப்' ஆகியிருக்கிறது. இருவர் அமரும் திறந்த காரைக் குறிக்கும் ரோட்ஸ்டர் என்பது முதலில் நெடுவழிப் பயணத்துக்கு ஏற்ற குதிரையைக் குறித்தது. கூரை நிலையாக உள்ள வகைக்கு வழங்கும் கூப்பே, 'வெட்டப்பட்டது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். பெரிய கோச்சு வண்டியின் ஒரு பகுதியை வெட்டிச் சுருக்கியதுபோல் அமைந்த வண்டியின் பெயர் அது.

ஹார்ட்டாப் கடந்துவந்த வழி சற்று வேடிக்கையானது. நேர்ப்பொருள் 'கெட்டியான மேல்மூடி' என்பதுதான். ஆனால் அது பரவலாக வழக்குக்கு வந்தது 1949-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவில் வெளிவந்த பியூக் ரோட்மாஸ்டர் ரிவியரா, கேடிலாக் கூப்பே டிவில், ஓல்ட்ஸ்மொபீல் ஹாலிடே ஆகிய கார்களால். இவற்றின் எஃகுக் கூரையைத் திறக்கவோ கழற்றவோ முடியாது. ஆனால் பக்கக் கண்ணாடிகளை இறக்கினால் நடுவில் தூண் எதுவும் தெரியாது. முன்னிருந்து பின்வரை ஒரே வெளியாக, திறந்த காரின் தோற்றம் கிடைத்தது. அதனால் இவ்வகையை 'ஹார்ட்டாப் கன்வர்ட்டிபிள்' என்றே அழைத்தார்கள். பின்னர் இரண்டாம் சொல் உதிர்ந்து முதற்சொல் மட்டும் நின்றது. இன்று எதிரிகளாக நிறுத்தப்படும் இவ்விரு சொற்களும் ஒரு காலத்தில் ஒரே பெயரின் இரு பாதிகளாக இருந்தன என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மூடிய காரின் வசதியும் திறந்த காரின் அழகும் ஒருசேர வேண்டும் என்ற ஏக்கத்திலிருந்து பிறந்த பெயர் அது.

தமிழுக்கு வருவோம். கன்வர்ட்டிபிள் என்பதற்கு அகராதிகள் தரும் 'மாற்றத்தக்க' என்ற சொல், பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரத்துக்குப் பொருந்துகிறது, காருக்குப் பொருந்தவில்லை. 'மாற்றத்தக்க கார்' என்று கேட்டவுடன் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கலாம் என்ற எண்ணமே எழும். 'திறந்த கார்' என்பது ஒரு நிலையை மட்டும் சொல்கிறது. கூரையை மூடிய மறுகணம் அப்பெயர் பொய்யாகிவிடும். 'கூரையில்லாக் கார்' என்பதோ முற்றிலும் தவறு, ஏனெனில் இந்தக் காரின் சிறப்பே அதன் கூரைதான்.

நான் முன்வைக்கும் சொல் மடிகூரை. இது சுடுசோறு, ஊறுகாய் போன்ற வினைத்தொகை. மடிந்த கூரை, மடிகின்ற கூரை, மடியும் கூரை என மூன்று காலத்துக்கும் விரியும் சொல்லாதலால், திறந்து நிற்கும்போதும், திறந்துகொண்டிருக்கும்போதும், மூடியிருந்து இனித் திறக்கவிருக்கும்போதும் இப்பெயர் பொய்க்காது. ஆங்கிலச் சொல் 'கூடிய' என்ற பொருளை ஒரு பின்னொட்டால் காட்ட, தமிழ் இலக்கணம் அதைக் காலத்தை மறைத்தே காட்டிவிடுகிறது. எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'மடிக்கூரை' என்று ஒற்று மிகுத்து எழுதினால், மடிக்கணினியில் உள்ளதைப் போல அது நம் மடியைக் குறித்துவிடும். மடிதல் என்பதற்கு இறத்தல் என்ற பொருளும் உண்டே என்று சிலர் தயங்கலாம். கூரை என்ற சொல் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பொருள் தலைகாட்டாது.

ஹார்ட்டாப்புக்கு வன்கூரை என்பது போதும். வன்பொருளும் மென்பொருளும் ஏற்கெனவே நம் நாவில் பழகிவிட்டதால், துணியாலான கூரையை மென்கூரை என்பதும் தானாகவே விளங்கும். ஆனால் கூப்பே வகையை வன்கூரை என்று மட்டும் சொல்வது போதாது. அதற்கு நிலைக்கூரை என்பதே சரி. நிலை இங்கே பெயர்ச்சொல், ஆகவே ஒற்று மிகும். 1963-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல் காரில் நடுப்பகுதி சற்றுக் குழிந்த வன்கூரை ஒன்று இருந்தது. அதைத் தூக்கி எடுத்துவிடலாம் என்பதால் அது கழற்றுகூரை. ஃபோர்டு ஸ்கைலைனர் 1957-இல் எஃகுக் கூரையையே டிக்கிக்குள் அடக்கிக் காட்டியது. 1996-இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே அதே கருத்தைச் சிறிய காரில் மறுபடி பரவலாக்கியது. இவை மடியும் வன்கூரைகள். போர்ஷே 1965-இல் காட்டிய, தலைக்கு மேலுள்ள கூரைப்பகுதியை மட்டும் கழற்றக்கூடிய டார்கா வகைக்கு மட்டும் நான் தமிழ்ச்சொல் தேடமாட்டேன். சிசிலியில் நடந்த டார்கா ஃபுளோரியோ பந்தயத்தின் நினைவாக இட்ட பெயர் அது, அப்படியே இருப்பதுதான் முறை.

ஆகவே அழகைப் பற்றிய கேள்வியை 'நிலைக்கூரையா, மடிகூரையா' என்று திருத்திக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவுடன் விடை காருக்குக் கார் தெளிவாகிறது, ஏனெனில் ஒவ்வொரு காரும் இவற்றுள் ஒரு வடிவத்தை மனத்தில் கொண்டே வரையப்படுகிறது. போர்ஷே 911-இன் கூரைக்கோடு முன்கண்ணாடியின் உச்சியிலிருந்து வால்வரை ஒரே இழுப்பாக இறங்குகிறது. 1980-களில் வந்த அதன் மடிகூரை வகையில், மடித்த துணி அந்தக் கோட்டின்மேல் ஒரு திமிலாக உட்கார்ந்துவிடுகிறது. 1963-ஆம் ஆண்டுக் கார்வெட்டின் பிளந்த பின்கண்ணாடியும், முதுகெலும்புபோல் அதன் நடுவே ஓடும் வரியும் நிலைக்கூரை இல்லாமல் இருந்திருக்கவே முடியாது. மெர்சிடிஸ் 300 எஸ்எல்-இன் கதை இதனினும் அழுத்தமானது. 1954-இல் வந்த அதன் குழாய்ச் சட்டம் பக்கவாட்டில் உயரமாக எழுந்ததால், சாதாரணக் கதவுக்கு இடமின்றி, கூரையில் கீல் வைத்துச் சிறகுபோல் திறக்கும் கதவுகளை அமைத்தார்கள். 1957-இல் கூரையைத் திறக்க முற்பட்டபோது சட்டத்தையே தாழ்த்தி மாற்றியமைக்க வேண்டியிருந்தது. சிறகுக் கதவு போயிற்று. கார் அழகாகவே இருந்தது, ஆனால் அது வேறொரு கார்.

மறுபுறம், 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 திறந்த காராகவே பிறந்தது. அதன் தோள்கோடு, அதாவது பக்கக் கண்ணாடிகளுக்குக் கீழே ஓடும் கோடு, தாழ்வாக, உள்ளே அமர்ந்திருப்பவரின் தலையும் தோளும் சேர்ந்தால்தான் முழுமை பெறும் உருவமாக இருக்கிறது. மேலே வன்கூரையைப் பொருத்தினால் காருக்குப் பாதுகாப்பு கூடுகிறதேயன்றி அழகு கூடுவதில்லை. மடியும் வன்கூரையில்தான் எனக்கு மனக்குறை மிகுதி. மடித்த தகடுகள் அடங்குவதற்காகப் பின்பகுதி பருத்து உயர வேண்டியிருக்கிறது, மூடிய நிலையிலோ தகடுகள் சேரும் இடைவெளிகள் கூரைக்கோட்டை வெட்டிச் செல்கின்றன. பிஎம்டபிள்யூ இசட்4 2009-இல் இந்த முறைக்கு மாறிவிட்டு, 2018-இல் வெளியிட்ட அடுத்த தலைமுறையில் துணிக்கூரைக்கே திரும்பியது. அந்தக் காரைப் பக்கவாட்டில், கூரையை மூடிய நிலையில் பார்த்தால், இறுகக் கட்டிய துணி எவ்வளவு மெலிதாகவும் தாழ்வாகவும் வளைந்து டிக்கியின்மேல் இறங்குகிறது என்பது தெரியும்.